பொருளும் முறையும்: ஜான் செல் காட்மனின் வாழ்வும் செப்புத்தகட்டு ஓவியங்களும்

முன்னுரை

ஆங்கில நீர்வண்ண ஓவிய வரலாற்றில் தலையாயோர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஜான் செல் காட்மன் (1782–1842). அவர் பெயரைச் சொன்னவுடன் ஓவிய ஆய்வாளர் நினைவுக்கு வருவது 1805ஆம் ஆண்டளவில் அவர் வரைந்த ‘கிரீட்டா பாலம்’ என்னும் சிறிய நீர்வண்ணப் படமாகும். ஆனால் அவர் வாழ்நாளில் நூல் வடிவில் வெளியாகிப் பலர் கைக்குச் சென்றவை அவருடைய நீர்வண்ணப் படங்கள் அல்ல. செப்புத்தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து, தாளில் அச்சிட்ட எட்சிங் படங்களே அவ்வாறு சென்றன. 1838இல் இலண்டன் பதிப்பாளர் ஹென்றி போன் அவற்றைத் திரட்டி இரு தொகுதிகளாக மறுபதிப்புச் செய்தபோது அத்தொகுதிகளில் 240 படங்கள் இடம்பெற்றன.

இவ்விரு பணிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கதை நிலைபெற்றிருக்கிறது. 1803 முதல் 1811 வரை காட்மன் ஒப்பற்ற நீர்வண்ணப் படங்களை வரைந்தார். 1812இல் பழம்பொருள் ஆர்வம் கொண்ட வங்கியாளர் ஒருவரிடம் ஊதியத்துக்கு அமர்ந்தார். அடுத்த பதினோர் ஆண்டுகள் செப்புத்தகடுகளிலேயே கழிந்தன. அதனால் ஓவிய உலகம் ஒரு பெருங்கலைஞனின் நடுவயதை இழந்தது என்பதே அக்கதை. இதில் உண்மை உண்டு. எனினும் காட்மனின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் வைத்து நோக்கும்போது, செப்புத்தகட்டை அவர்மேல் பிறர் சுமத்தவில்லை என்பதும், நீர்வண்ணத்தில் அவர் கண்ட முறையே தகட்டிலும் தொடர்ந்தது என்பதும் புலப்படுகின்றன. அவ்வகையில் அவர் வாழ்வை இக்கட்டுரை மீள நோக்குகிறது.

நாரிச் நகரும் இலண்டனும்

காட்மன் 1782 மே 16 அன்று இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகரான நாரிச்சில் பிறந்தார். தந்தை எட்மண்ட் முடிதிருத்தும் தொழில் செய்தவர்; பின்னர்த் துணிமணி, பின்னல் சரிகை வணிகத்துக்கு மாறியவர். தாயின் குடும்பப் பெயரான ‘செல்’ என்பதே மகனின் பெயரில் நடுவே அமைந்தது. நெசவுத் தொழிலால் செழித்த நாரிச், இடைக்காலத் தேவாலயங்கள் நெருங்கி நிற்கும் நகரம். காலத்தால் அரிக்கப்பட்ட கல்சுவரைப் பார்த்தே வளர்ந்தவர் காட்மன் என்பது பின்வரும் செய்திகளுக்கு அடிப்படையாகிறது.

நாரிச் இலக்கணப் பள்ளியில் படிப்பு முடிந்ததும் மகனை ஓவியத்துறைக்கு அனுப்பலாமா எனத் தந்தை அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஓவியர் ஜான் ஓபியிடம் கேட்டதாகவும், ஓவியனாவதைவிடப் பிறர் காலணிக்கு மெருகிடுவது மேல் என அவர் விடையளித்ததாகவும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, காட்மனின் பிற்கால வாழ்வை அறிந்தோர் அதை மறவாமல் எடுத்துரைத்து வந்துள்ளனர்.

1798இல் பதினாறு வயதில் காட்மன் இலண்டன் சென்றார். அங்கு அச்சுப்படங்களை விற்ற ருடால்ஃப் ஆக்கர்மன் கடையில் படங்களுக்கு வண்ணம் தீட்டும் கூலிவேலை கிடைத்தது. அச்சான கோட்டுக்குள் ஒரே சீரான வண்ணத்தைத் திட்டின்றிப் பரப்புவதே அவ்வேலை. எளியதாகத் தோன்றும் இப்பயிற்சியைக் காட்மன் பிறகு எங்குக் கொண்டுசென்றார் என்பது மேலே காணப்படும்.

அடுத்து அவருக்குக் கதவு திறந்தவர் மருத்துவர் தாமஸ் மன்ரோ. சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்ரோ வேறு. இவர் பெத்லம் மனநோய் மருத்துவமனையின் மருத்துவர். தேம்ஸ் கரையில் அடெல்பி மாடவரிசையில் இருந்த தம் வீட்டில் மாலை நேரங்களில் இளைஞர்களைக் கூட்டி, தம்மிடம் இருந்த ஓவியங்களைப் படியெடுக்கச் செய்வது இவர் வழக்கம். ஜே.எம்.டபிள்யூ. டர்னரும் தாமஸ் கர்ட்டினும் சில ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு பயின்றவர்களே. கர்ட்டினைச் சுற்றி உருவான ஓவியக் குழுவிலும் காட்மன் பங்குகொண்டார். ஆங்கிலக் கவிதை ஒன்றிலிருந்து ஒரு பகுதியைத் தேர்ந்து, உறுப்பினர் அனைவரும் ஒரே மாலையில் அதற்குரிய நிலக்காட்சியைத் தத்தம் கற்பனையில் வரைவது அக்குழுவின் மரபு. ஒரே துறையில் பல புலவர் பாடுவதுபோல, பொருள் பொதுவாக இருக்க முறையே வேறுபடும். எதை வரைவது என்பதை விட எவ்வாறு வரைவது என்பதே கலைஞனை அடையாளம் காட்டும் என்னும் எண்ணம் காட்மனிடம் இங்கேயே வேரூன்றியிருக்கக் கூடும்.

1800இல் இராயல் அகாதெமியில் அவர் படங்கள் முதன்முறை இடம்பெற்றன. அதே ஆண்டில் கலைகளை ஊக்குவிக்கும் சங்கத்தின் வெள்ளிப் பரிசும் கிடைத்தது. 1800, 1802 ஆகிய ஆண்டுகளில் வேல்ஸ் மலைப்பகுதிகளில் சுற்றி வரைந்தார். 1802இல் கர்ட்டின் இருபத்தேழு வயதில் இறந்தார்.

கிரீட்டா ஆற்றங்கரை

1803 முதல் 1805 வரை மூன்று கோடைகளிலும் காட்மன் வடக்கே யார்க்ஷயர் சென்றார். அங்கு பிராண்ட்ஸ்பி என்னும் ஊரில் வாழ்ந்த சம்லி குடும்பத்தார் அவரைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் நடத்தினர். அவ்வீட்டுப் பெண்களுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். மூத்த மகன் பிரான்சிஸ் சம்லி வாழ்நாள் நண்பரானார். 1805ஆம் ஆண்டுக் கோடையில் சம்லி குடும்பத்தின் வழியே மொரிட் என்னும் நிலவுடைமையாளரின் ரோக்பி மாளிகையில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. மாளிகைத் தோட்டத்தினூடே கிரீட்டா ஆறு பாறைகளின்மேல் ஓடுகிறது. விருந்தோம்பியவர்கள் ஊரைவிட்டுச் சென்ற பிறகும் காட்மன் பாலத்தருகே இருந்த விடுதிக்கு மாறித் தொடர்ந்து வரைந்தார்.

இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘கிரீட்டா பாலம்’ ஏறத்தாழ 23 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்டது. ஒற்றை வளைவுக் கற்பாலம், அதன் ஒருபுறம் விடுதிக் கட்டடம், கீழே ஆற்றுப் படுகையில் உருண்டைப் பாறைகள், பின்னே மரத்தொகுதி, மேலே வானம். இவ்வளவே படம். ஆனால் ஒவ்வொரு பொருளும் ஒரு தட்டையான வண்ணப் பரப்பாக ஆக்கப்பட்டிருக்கிறது. மரங்களில் இலை இல்லை. கரும்பச்சையும் பழுப்புமான திட்டுகள் ஒன்றன் விளிம்பில் ஒன்று பொருந்தி நிற்கின்றன. பாலத்தின் கல்லில் ஒளிபடும் பகுதி பெரும்பாலும் மெல்லிய வண்ணநீர் பரவிய தாளே.

இதன் செய்முறையை அறிந்தால்தான் இதன் அருமை விளங்கும். முதலில் கரிக்கோலால் மெல்லிய எல்லைக்கோடு. பிறகு மிக மெல்லிய வண்ணநீர் ஒரு பரப்பு முழுவதும் ஒரே இழுப்பில் பரப்பப்படும். அது முற்றிலும் உலரும்வரை காத்திருந்து, அடுத்த நிறத்தை அதன்மேல் கூரிய விளிம்போடு வைக்க வேண்டும். ஈரத்தின்மேல் ஈரம் பட்டால் நிறங்கள் கலந்து எல்லை அழியும். அதுவே பிற ஓவியர் பலர் விரும்பிய மென்மை. காட்மன் அம்மென்மையைத் தவிர்த்தார். ஒவ்வொரு திட்டையும் வைக்கும்முன் முடிவு செய்தாக வேண்டும். வைத்தபின் திருத்த இயலாது. ஆக்கர்மன் கடையில் கூலிக்குச் செய்த சீர்ப்பரப்பு இங்கே கலைமுறையாக உயர்ந்தது எனலாம்.

அந்த ஆண்டின் இறுதியில் யார்மத் நகரத்து நண்பர் டாசன் டர்னருக்கு எழுதிய கடிதத்தில், அக்கோடையில் தம் தலைமைப் பயிற்சி இயற்கையை நேரில் கண்டு வண்ணம் தீட்டியதே எனக் காட்மன் தெரிவித்தார். அவை திறந்தவெளியில் முடிக்கப்பட்டனவா, அறையில் முடிக்கப்பட்டனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உலரக் காத்திருக்க வேண்டிய முறை ஆகலின், கண்டது வெளியிலும் முடித்தது உள்ளேயுமாக இருத்தல் இயல்பே. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. காட்மனின் நடுவயதைப் பறித்தவராகப் பின்னாளில் பேசப்பட்ட டாசன் டர்னர், அவருடைய சிறந்த கோடையின் செய்தியைப் பெற்ற நண்பர்களுள் ஒருவராக ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்.

நாரிச்சுக்குத் திரும்புதல்

இலண்டனில் நீர்வண்ண ஓவியர்களுக்கென 1804இல் ஒரு சங்கம் தோன்றியது. அதில் காட்மனுக்கு இடம் கிடைக்கவில்லை. 1825இல்தான் துணை உறுப்பினரானார். படங்களை விற்றுத் தலைநகரில் வாழ இயலாது என்பது தெளிவானதும் 1806இறுதியில் அவர் நாரிச் திரும்பி ஓவியப்பள்ளி தொடங்கினார். அந்நகரில் ஜான் க்ரோம் முதலானோர் 1803இல் அமைத்த நாரிச் ஓவியர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திவந்தது. இலண்டனுக்கு வெளியே இத்தகைய முயற்சி அப்போது அரிது. 1808ஆம் ஆண்டுக் கண்காட்சியில் காட்மன் 67 படங்களை வைத்தார். 1811இல் அச்சங்கத்தின் தலைவரானார். இதற்கிடையே 1809 சனவரியில் ஆன் மைல்ஸ் என்பவரை மணந்தார்.

அதே 1809இல் அவர் தொடங்கிய ஒரு திட்டம் தனியே சுட்டத்தக்கது. நூலகத்தில் நூல்களை இரவல் தருவதுபோல, காலாண்டுச் சந்தா செலுத்துவோருக்கு ஓவியங்களை இரவல் தரும் சுழல்நூலகம் அது. சந்தாதாரர் அவற்றை வீட்டில் வைத்துப் படியெடுத்துப் பயிலலாம். 600 ஓவியங்கள் இருப்பதாக அறிவித்தார். மூலையில் எண்ணிடப்பட்ட அப்படங்கள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. வருவாய்க்காக வகுத்த திட்டமே எனினும், ஓவியத்தைச் சுவரில் மாட்டும் பொருளாகக் கருதாமல் கைமாறிச் செல்லும் பாடமாகக் கருதிய மனநிலை இதில் தெரிகிறது. அச்சுப்படத்தை நோக்கி அவர் திரும்பியதற்கு இதுவே முதற்படி.

நாரிச் பேராலயத்தின் உட்பகுதியான புனித லூக்கா சிற்றாலயம், மவுஸ்ஹோல்டு மேட்டுநிலம், சுண்ணமண் குழி ஆகியவற்றை வரைந்த நீர்வண்ணப் படங்கள் இக்காலத்தன. யார்மத் செல்லும் முன்பே பழங்கட்டடம் அவர் கையில் நிலைத்த பொருளாகிவிட்டது என்பதற்கு இவற்றுள் முதலாவது சான்று.

செப்புத்தகடு

1810ஆம் ஆண்டளவில் காட்மன் எட்சிங் முறையைத் தாமே முயன்று கற்றார். மெருகிட்ட செப்புத்தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிதாகப் பரப்பிப் புகையால் கருப்பாக்க வேண்டும். ஊசியால் பூச்சைக் கீறினால் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மெல்லிய கோடு வேண்டிய இடம் அரிக்கப்பட்டவுடன் தகட்டை எடுத்து, அவ்விடத்தை வார்னிஷ் இட்டு மூடி, மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இட வேண்டும். இவ்வாறு படிப்படியாக அரிக்க, ஆழமான பள்ளம் கருமையான கோடாகும். முடிவில் பூச்சை நீக்கி, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தியில் செலுத்தினால் படம் தாளில் பதியும். வலம் இடமாக மாறும் என்பதால், உள்ளபடி தோன்ற வேண்டிய கட்டடத்தைத் தகட்டில் தலைகீழ்ப் பக்கமாகவே வரைதல் வேண்டும்.

இம்முறைக்கும் காட்மனின் நீர்வண்ண முறைக்கும் உள்ள ஒற்றுமை போதிய அளவு எடுத்துக்காட்டப்படவில்லை. இரண்டும் படிநிலை முறைகள். நீர்வண்ணத்தில் ஒரு பரப்பு உலர்ந்தபின் அடுத்தது. எட்சிங்கில் ஓர் அரிப்பு நின்றபின் அடுத்தது. இரண்டிலும் ஒளி என்பது கலைஞன் சேர்ப்பது அன்று, தொடாமல் விடுவது. இரண்டிலும் முன்கூட்டிய முடிவே கலை. வண்ணத்தைக் குழைத்து மெருகேற்றும் ஓவியனுக்குத் தகடு அயலானது; காட்மனுக்கோ அது அறிந்த ஒழுங்கின் மறுவடிவம். நெடுநல்வாடை குறிக்கும் ‘புனையா ஓவியம்’ என்பது வண்ணம் புனையாத கோட்டுருவம். காட்மனின் தகடுகளும் அவர் நீர்வண்ணங்களின் புனையா நிலை போன்றனவே. வண்ணம் நீங்கியும் அமைப்புக் குலையாமல் நிற்கின்றன.

1811இல் இருபத்து நான்கு தகடுகள் கொண்ட அவருடைய முதல் எட்சிங் தொகுதி சந்தா முறையில் வெளிவந்தது. சம்லி வீட்டுத் தாயாரின் உடன்பிறந்தவரும் பழம்பொருள் அறிஞருமான சர் ஹென்றி எங்கிள்ஃபீல்டுக்கு அது உரிமையாக்கப்பட்டது. உரோமப் பழங்கட்டடங்களைத் தகட்டில் தந்த இத்தாலியர் பிரனேசியின் தாக்கம் அதில் வெளிப்படை. இதற்குப் பெரும்பாலும் யார்க்ஷயர்க் காட்சிகளையே எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று டங்கம் பூங்காவின் மரங்கள். வாங்குவோரின் குறை என்ன என்பதை பிரான்சிஸ் சம்லி நண்பருக்கு ஒளிக்காமல் எழுதினார்: இன்ன இடம் என்று பெயர் சொல்ல முடியாத காட்சியை மக்கள் விரும்புவதில்லை; பெரும்பாலோர் படம் எவ்வாறு வரையப்பட்டது என்பதைக் காட்டிலும் அதில் என்ன வரையப்பட்டுள்ளது என்பதையே கருதுகின்றனர் என்பது அக்கடிதத்தின் சாரம்.

காட்மன் வாழ்வின் திருப்புமுனை யார்மத் பயணம் அன்று, இக்கடிதமே என்று கொள்ளுதல் பொருந்தும். கிரீட்டா ஆற்றங்கரையில் அவர் வென்றது முறையால். சந்தாதாரர் கேட்டது பொருளை. பெயருள்ள தேவாலயத்தை, அறியப்பட்ட கோட்டையை. கேட்டதைத் தர அவர் இசைந்தார். நார்ஃபோக் கட்டடப் பழமைகளைத் தகடுகளாக வெளியிடும் திட்டத்தை 1812இல் தாமே தொடங்கினார்.

யார்மத் ஆண்டுகள்

டாசன் டர்னர் கிரேட் யார்மத் துறைமுக நகரின் வங்கியாளர். பாசியினங்களை ஆராய்ந்த தாவரவியலாளர். பழஞ்சுவடிகளையும் கையெழுத்துக் கடிதங்களையும் திரட்டுவதில் ஓயாதவர். அவர் மகள் மரியா தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கரை மணந்தார். பிற்காலத்தில் பிரித்தானிய இந்தியாவின் தாவரத் தொகுதியைத் தந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் அவர்களின் மகன். மற்றொரு மகள் எலிசபெத், வரலாற்றறிஞர் பிரான்சிஸ் பால்கிரேவின் மனைவி; ஆங்கிலப் பாடல் திரட்டான ‘கோல்டன் டிரஷரி’யின் தொகுப்பாசிரியர் இவர்களின் மகன். இத்தகைய குடும்பத்தில் மனைவிக்கும் மகள்களுக்கும் ஓவியம் கற்பிக்க ஆண்டுக்கு 200 பவுன் ஊதியத்தில் காட்மன் 1812இல் அழைக்கப்பட்டார். மனைவியும் மக்களும் உடைய ஓவிய ஆசிரியருக்கு அது மறுக்க இயலாத நிலையான வருவாய். டர்னர் வீட்டுப் பெண்டிர் நால்வரும் ஐவருமாக அமர்ந்து காலையிலேயே வரையத் தொடங்குவர். அவர்களும் தேர்ந்த எட்சிங் கலைஞராயினர்.

நார்ஃபோக் கட்டடப் பழமைகள் 60 தகடுகளோடு 1818இல் நிறைவெய்தின. அதனோடு நார்ஃபோக், சஃபோக் மாவட்டத் தேவாலயத் தரைகளில் பதித்த இடைக்காலப் பித்தளை நினைவுத்தகடுகளையும் அவர் வரைந்து வெளியிட்டார். மிதிபட்டுத் தேயும் அவ்வுருவங்களைத் தாளில் காத்தல், கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தல் போன்ற பணியாகும். ஓவியனின் தனித்தன்மை அங்கே தலைகாட்டலாகாது. இப்பகுதி காட்மன் பணியில் வறண்டது என்பதை ஒப்பத்தான் வேண்டும்.

நெப்போலியப் போர்கள் 1815இல் முடிவுற்றதும் கால்வாய்க்கு அப்பால் பிரான்சு ஆங்கிலேயருக்குத் திறந்தது. இங்கிலாந்தின் வட்டவளைவுக் கட்டட முறை நார்மண்டியிலிருந்து வந்தது ஆகலின், அதன் மூலத்தை நேரில் காணவும் கூர்வளைவின் தோற்றத்தை ஆராயவும் பழம்பொருள் அறிஞர் விரைந்தனர். டர்னரின் ஊக்கத்தால் காட்மன் 1817, 1818, 1820 ஆகிய மூன்று ஆண்டுகளில் நார்மண்டி சென்றார். முதற்பயணத்தில் எங்கிள்ஃபீல்டு இரவல் தந்த கேமரா லூசிடா என்னும் முப்பட்டகக் கருவியைப் பயன்படுத்தினார். முன்னுள்ள கட்டடத்தின் உருவம் தாளின்மேல் விழுவதுபோல் கண்ணுக்குக் காட்டும் கருவி அது. நுட்பமான சிற்பவேலைப்பாட்டின் அளவு பிசகாமல் இருக்க அது உதவியது.

இப்பயணங்களின் பயன், டர்னர் விளக்கவுரை எழுத 1822இல் வெளிவந்த ‘நார்மண்டியின் கட்டடப் பழமைகள்’. நூறு தகடுகள், இரு தொகுதிகள். காட்மன் தம் புகழுக்கும் வருவாய்க்கும் இதையே நம்பியிருந்தார். புகழ் பழம்பொருள் அறிஞரிடம் கிடைத்தது, வருவாய் கிடைக்கவில்லை.

இத்தகடுகளை இருவகையாகப் பிரிக்கலாம். சிற்பவாயில்களையும் தூண்தலைகளையும் நேர்முகமாகக் காட்டுவன ஒருவகை. அங்கே அறிஞர் கேட்ட பொருள் முழு ஆட்சி செலுத்துகிறது. சேன் ஆற்றங்கரையின் ஜுமியேஜ் மடாலயம், குன்றின்மேல் இடிந்து நிற்கும் ஷத்தோ கயார் கோட்டை போன்றவற்றின் தகடுகள் மற்றொரு வகை. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் கற்களுக்காக இடிக்கப்பட்ட ஜுமியேஜ் மடாலயத்தைக் காட்மன் கண்டபோது அதன் இடிபாடு அண்மைக்காலத்தது. இவ்வகைத் தகடுகளில் நிழல் கனத்த திட்டாக ஒருபுறம் விழ, மறுபுறத்துச் சுவர் ஏறக்குறைய வெற்றுத்தாளாகவே நிற்கிறது. கிரீட்டா பாலத்தில் செய்ததை இங்கே கோட்டால் செய்திருக்கிறார். பெயரைத் தேடி வந்தவர்க்குப் பெயர் கிடைத்தது. முறை அதனுள் மறைந்து நின்றது. 1944ஆம் ஆண்டுப் போரில் ருவான், கான் முதலிய நகரங்கள் பேரழிவுக்கு உள்ளானபின் நூல் முழுமைக்கும் ஓர் ஆவண மதிப்பும் சேர்ந்துவிட்டது.

இழப்பும் பொய்யன்று. இப்பதினோர் ஆண்டுகளில் நீர்வண்ணப் படங்கள் குறைந்தன. வரைந்தவற்றில் பல, தகட்டுக்கு முன்வரைவான பழுப்புநிறப் படங்கள். கண்ணும் கையும் சலித்தன. ஆனால் அதற்கு டர்னரை மட்டும் பொறுப்பாக்கும்போது சந்தாதாரரின் சுவையும், காட்மனின் சொந்த நம்பிக்கையும் கணக்கில் வராமற் போகின்றன.

மீண்டும் நாரிச், மீண்டும் இலண்டன்

1823இறுதியை ஒட்டி நாரிச் திரும்பிய காட்மன் பேராலயத்தை அடுத்த பெரிய வீடொன்றில் குடியேறி மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். வரவுக்கு மீறிய வீடு அது. கடனும், அவ்வப்போது ஆழ்ந்து கவியும் மனச்சோர்வும் அவரை வாட்டின. எழுச்சியான நாள்களில் அளவிறந்த திட்டங்கள். சோர்ந்த நாள்களில் தூரிகையே தொடாமை. இரண்டாம் மகன் ஜான் ஜோசப் பிற்காலத்தில் இதே துன்பத்துக்கு ஆளானார்.

இக்காலத்து நீர்வண்ணங்களில் நீலமும் பொன்மஞ்சளும் ஓங்கி ஒலிக்கின்றன. 1830ஐ ஒட்டி வண்ணத்தோடு மாவுப்பசையைக் கலந்து தடித்த பூச்சாக்கும் முறையைக் கையாண்டார். இதனால் வண்ணம் தாளில் உடனே ஊறாமல், நகர்த்தவும் துடைத்தெடுக்கவும் இடம்தந்தது. திருத்த இயலாமையையே அழகாக்கியவர் திருத்தத்துக்கு இடம்தரும் ஊடகத்தைத் தேடிச் சென்றது வியப்புக்குரிய மாற்றம். இவற்றைத் தாழ்வாக மதிப்பிடுவோர் பலர். ஆயினும் ஒளிபுகா அடர்த்தியில் மலைகளையும் மரங்களையும் அமைத்த சில படங்கள் அம்மதிப்பீட்டுக்கு அடங்குவதில்லை.

1834இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பதவி கிட்டியது. எலிசபெத் பால்கிரேவ் அவருக்காகப் பரிந்து பேசினார். தேர்வுக் குழுவினரிடம் ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர் காட்மன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதும் மரபுவழிச் செய்தி. நாரிச் வீட்டையும் தாம் சேர்த்திருந்த பொருள்களையும் விற்றுவிட்டு அவர் ஹண்டர் தெருவில் குடியேறினார். 1837க்குப்பின் அப்பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் டான்டே கேப்ரியல் ரோசெட்டியும் ஒருவர்.

மாணவர் படியெடுப்பதற்குப் பெருந்தொகையான படங்கள் வேண்டியிருந்தன. மூத்த மகன் மைல்ஸ் எட்மண்ட், மகள் ஆன் முதலியோர் தந்தையின் முறையில் வரைந்தனர். சிலவற்றில் தந்தையின் பெயரே இடம்பெற்றது. யார் வரைந்தது என்னும் சிக்கல் காட்மன் ஆய்வில் இன்றுவரை தீராதிருப்பதற்கு இக்குடும்பத் தொழிற்சாலையே காரணம். கையெழுத்து இருப்பதாலேயே ஆசிரியத்துவத்தை உறுதிசெய்ய இயலாது என்பது சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர்க்குப் புதிய செய்தி அன்று.

1838இல் போன் வெளியிட்டவற்றுள் பழைய தகடுகளோடு ‘லிபர் ஸ்டூடியோரம்’ என்னும் தனித்தொகுதியும் உண்டு. இதிலுள்ள 48 படங்களும் மென்பூச்சு முறையில் அமைந்தவை. கொழுப்புக் கலந்த மென்மையான பூச்சின்மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் வரைந்தால், தாளை எடுக்கும்போது அழுந்திய இடத்துப் பூச்சும் ஒட்டிக்கொண்டு வரும். அச்சில் கரிக்கோலின் சொரசொரப்பே பதியும். இவற்றில் பெரும்பாலானவை முந்திய ஆண்டுகளில் தமக்கெனச் செய்து வைத்திருந்தவை. மரம், ஓடை, பாலம், வேலி என இடப்பெயர் வேண்டாத காட்சிகள் பல இதில் உள்ளன. தேவாலயத் தகடுகளை வாங்குவோருக்காக அரித்த ஆண்டுகளிலேயே, சம்லி எச்சரித்த அதே வகைப் படங்களை ஒருபுறம் தொடர்ந்து செய்துவந்திருக்கிறார் என்பதை இத்தொகுதி காட்டுகிறது. யார்மத் ஆண்டுகளை வெறும் பாழ்நிலமாகக் கூறுவோர் இதற்கு விடை கூற வேண்டும்.

இறுதிக்காலம்

1841இன் இலையுதிர்காலத்தில் காட்மன் கடைசி முறையாக நார்ஃபோக் சென்றார். மழையும் வெள்ளமும் மிகுந்த அப்பருவத்தில் சாம்பல்நிறத் தாளில் கருஞ்சுண்ணத்தாலும் வெண்சுண்ணத்தாலும் விரைந்து வரைந்தார். வெள்ளத்தில் நிற்கும் நிலங்களைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. எந்தச் சந்தாதாரரும் கேட்காத படங்கள் இவை. நாரிச்சை ஒட்டிய தார்ப் என்னும் சிற்றூரில் முதிய தந்தை அப்போதும் உயிருடன் இருந்தார். அவ்வீட்டிலிருந்து தெரியும் காட்சியை இலண்டன் திரும்பி 1842 சனவரியில் எண்ணெய்வண்ணத்தில் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. அவ்வாண்டு சூலை 24 அன்று காட்மன் இறந்தார். தந்தை மகனுக்குப் பின்னும் வாழ்ந்தார். பள்ளிப் பதவி மைல்ஸ் எட்மண்டுக்குச் சென்றது.

1843இல் கிறிஸ்டி ஏலத்தில் காட்மனின் படங்கள் மிகக் குறைந்த விலைக்குப் போயின. அரை நூற்றாண்டுக்காலம் நார்ஃபோக்குக்கு வெளியே அவரை நினைத்தவர் சிலரே. நாரிச் அருங்காட்சியகக் காப்பாளர் ஜேம்ஸ் ரீவ் ஓவியரின் மக்களையும் நண்பர்களையும் தேடிப் படங்களையும் செய்திகளையும் திரட்டினார். லாரன்ஸ் பின்யன் 1897இல் க்ரோமையும் காட்மனையும் இணைத்து எழுதினார். ரீவ் திரட்டியவை 1902இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. ‘கிரீட்டா பாலம்’ அவற்றோடு வந்ததே. விரிவான வாழ்க்கை வரலாற்றை லீட்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் சிட்னி கிட்சன் 1937இல் வெளியிட்டார்.

தட்டையான வண்ணப் பரப்பைப் போற்றிய இருபதாம் நூற்றாண்டின் சுவை 1805ஆம் ஆண்டுக் காட்மனை மேலே உயர்த்தியது. அச்சுவைக்குக் கட்டடத் தகடுகள் பயன்படவில்லை. எனவே அவை வேறொருவருக்காகச் செய்த வேலையாக ஒதுக்கப்பட்டன. காட்மன் வாழ்ந்த காலத்தில் பழம்பொருள் அறிஞர் தகடுகளைப் போற்றி நீர்வண்ணங்களைப் புறக்கணித்ததும் இதே பிரிவினைதான். எந்தப் பாதியைக் கொள்வது என்பது மட்டும் மாறியிருக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில் கிரீட்டா பாலமும் எட்சிங் தாள்களும் ஒரே துறையின் காப்பில் உள்ளன. வேண்டுவோர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடலாம்.